ஆட்டிடம் சொன்ன சேதி

இன்று காலை கொள்ளிடத்தில் புதுத்தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு முன்னால் அதன் வாசனை வந்துவிட்டது. மாதக்கணக்காக வெயிலில் வெந்து கிடந்த மணல்மேல் செந்நீர் ஏறும்போது கிளம்புமே, பச்சை மண்ணும் காய்ந்த சாணியும் எங்கிருந்தோ அடித்துவந்த இலைதழையும் கலந்த அந்த வாசனை, அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லாரும் அதை மூக்கு நிறைய இழுத்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அது ஆகவில்லை. பதினோரு வருஷமாக ஆடி பிறந்தால் இப்படித்தான். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நீங்கள் இல்லாத முதல் ஆடி இது.

மடல் என்று எழுத உட்கார்ந்தால் முதலில் கூப்பிட வேண்டும். புருஷனின் அண்ணன் மனைவியை இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் கூப்பிடுகிற சாதாரணச் சொல் ஒன்று இருக்கிறது. வந்த புதிதில் நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்லி உங்கள் பின்னாலேயே சுற்றினேன். பிறகு பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒரு தடவைகூட உங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை கொடுக்காததை இப்போது காகிதத்தின் தலைப்பில் எழுதி நல்லவள் பேர் வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் வெறுமனே தொடங்குகிறேன்.

நான் மணப்பாறைப் பக்கத்து வறண்ட ஊர்க்காரி. பெண் பார்க்க வந்தவர்கள், "ரெண்டு பக்கமும் ஆறு, நடுவுல ஊரு. தெக்க காவேரி, வடக்க கொள்ளிடம்" என்று சொன்னபோது எனக்கு மாப்பிள்ளையின் முகம்கூட மனதில் நிற்கவில்லை. ஸ்ரீரங்கம் இருக்கிற அதே தீவின் மேற்குக் கோடி, வாழைத்தோட்டம், எப்போதும் ஈரக்காற்று என்று கற்பனை செய்துகொண்டு சித்திரையில் வந்து இறங்கினேன். இறங்கினால் இரண்டு பக்கமும் மணல். காவிரியும் மணல், கொள்ளிடமும் மணல். பகல் முழுக்க இரண்டும் காய்ந்து, விளக்கு வைத்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருந்தன. சோற்றில் மணல், தலையில் மணல், விரித்த பாயில் மணல். நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள்.

"தண்ணிய நம்பி வாக்கப்பட்டியாடி? வருஷத்துல பாதி நாளுதான் இது தீவு. மிச்ச நாளு வறசட்டி. இங்க வெயிலும் கொல்லும், தண்ணியும் கொல்லும், பனியும் கொல்லும். எது எப்ப வரும்னு வானத்தப் பாத்து மட்டும் முடிவு கட்டாத."

நீங்கள் முசிறியில் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அதைச் சொன்ன நீங்களே ஒருநாள் மாட்டிடம் வானத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

பனி முதலில் கொன்றது. இரண்டாவது வருஷம் மார்கழியில் உங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டி, பத்தே நாளில் போய்விட்டார். உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. காரியம் முடிந்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து வீட்டைப் பிரித்தார்கள். தெருப்பக்கம் எங்களுக்கு, கொல்லைப்பக்கம் உங்களுக்கு. முற்றத்தின் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்சுவரை என் வீட்டுக்காரர் எழுப்பினார். உங்கள் பங்குக்கு லெச்சுமி, செவலை என்று இரண்டு கறவை மாடுகள் வந்தன. எங்கள் பங்குக்கு ஒரு வெள்ளாடும் கடனும். அந்தப் பாலை ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு ஊற்றித்தான் நீங்கள் சாப்பிட்டீர்கள். மாடுகளோடு பேசிக்கொண்டே இருப்பீர்கள். உங்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன் என்றால் பொய். இனி இந்த வீட்டில் பெரியவள் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

அதற்கடுத்த சித்திரையில் கிணற்று நீர் உப்புக் கரித்தது. ஊர்ப் பெண்களெல்லாம் விடிந்தும் விடியாமலும் கொள்ளிடத்து மணலில் ஊற்றுத் தோண்டப் போவோம். கையால் மணலை அள்ளிப் போட்டு, குழியில் ஊறும் கலங்கலைக் கொட்டாங்கச்சியால் மூன்று முறை இறைத்துக் கொட்டினால், நாலாவது தடவை தெளிந்த நீர் ஊறும். தோண்டியவளுக்கு முதல் குடம் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கு அப்போது எட்டு மாதம். முழங்கால் போட்டு, வயிற்றைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு தோண்டினேன். மூன்று முறை இறைத்துவிட்டு, இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலிக்க, சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளிந்ததும் நீங்கள் வந்தீர்கள். என்னைப் பார்க்காத மாதிரி இரண்டு குடத்தையும் என் ஊற்றில் நிரப்பிக்கொண்டீர்கள். எனக்கு மிஞ்சியது சேறு.

"அது நான் தோண்டுனது" என்றேன்.

"ஆத்து மணலுக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கியா? என் மாடு ரெண்டும் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. நீ இன்னொண்ணு தோண்டிக்க."

அப்போது நான் சொன்னதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை. பத்துப் பெண்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்.

"வயித்துல ஒண்ணச் சுமந்துக்கிட்டு குனிஞ்சு தோண்டிப் பாத்தாத் தெரியும். மலடிக்கு என்ன தெரியும்? மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் தெரியும்."

என் முன்னால் வந்து நின்றீர்கள். இடுப்புக் குடத்தைச் சாய்த்துக் கொட்டினீர்கள். பிறகு தலைக்குடத்தை இறக்கி அதையும் கொட்டினீர்கள். இரண்டு குடத்துத் தண்ணீரையும் மணல் ஒரு நொடியில் குடித்துவிட்டது. காலிக் குடங்களோடு கரையேறிப் போனீர்கள். அன்றைக்கு உங்கள் மாடுகளுக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்றோடு நம் பேச்சு நின்றது. பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. ஒரே முற்றத்தில் புழங்குகிற இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பது எப்படி என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நீங்கள் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொன்னீர்கள். நான் ஆட்டிடம் சொன்னேன். "லெச்சுமி, சிலபேரு வூட்டுல சூரியன் பொறந்து நாலு நாழி கழிச்சுத்தான் வாசத் தெளிப்பாங்க" என்பீர்கள். "ஆடே, கொம்பு இருக்கதெல்லாம் முட்டிக்கிட்டுத்தான் திரியும்" என்பேன். ஆனியில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் நீங்கள் வேண்டுமென்றே ஈர வரட்டியை அடுப்பில் வைத்தீர்கள். புகை முழுக்க எங்கள் பக்கம்தான் வந்தது. நான் வீடு கூட்டிய குப்பையைக் காற்று உங்கள் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் கொட்டினேன். தீவில் எந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நான் உங்களோடு சண்டை போட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

இந்த ஜாடைப் பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. பதிலுக்குப் பேசலாம். ஆனால் அடுத்தவள் சொன்னதைக் கேட்டு ஒரு காரியம் செய்வதை அவள் கண்ணால் பார்த்துவிடக் கூடாது. பார்த்துவிட்டால் செய்தவள் தோற்றவள். ஒருநாள் என் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "செவலை, எங்கயோ தீயுது பாரு" என்றீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் தீய்ந்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டு பொம்பளைக்கு நடுவுல நான் தலையக் குடுக்க மாட்டேன்" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். இன்னொரு நாள் நீங்கள் வரட்டி காயவைத்திருந்தபோது தூறல் போட்டது. நான் ஆட்டிடம் சொன்னேன். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நான் உள்ளே போன பிறகுதான் ஓடி ஓடி எடுத்தீர்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்தேன். பாதி நனைந்து போயிருந்தது.

வைகாசிக் கத்திரியில் என் மகள் பிறந்தாள். எனக்குத் தாய் இல்லாததால் பிரசவம் இங்கேயே. அந்த வெயிலில் என் உடம்பில் இருந்ததெல்லாம் வியர்வையாகப் போயிற்றோ என்னவோ, மூன்றாவது வாரமே பால் வற்றிவிட்டது. குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தது. மறுநாள் காலை முற்றத்துச் சுவர்மேல் ஒரு தம்ளர் பால் இருந்தது.

"லெச்சுமி, இன்னிக்குப் பாலு மிஞ்சிப் போச்சு. பூனைக்கு வச்சிருக்கேன்" என்றீர்கள்.

நம் வீட்டில் பூனை கிடையாது. நீங்கள் கொல்லைக்குப் போகும்வரை காத்திருந்து தம்ளரை எடுத்தேன். கழுவித் திரும்பச் சுவரில் கவிழ்த்து வைத்தேன். அன்றிலிருந்து தினமும் பால் வந்தது. மலடி என்று சொன்ன என் வாய்க்கு எதிரில் நீங்கள் என் பிள்ளைக்குப் பால் வைத்தீர்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. இவள் இறங்கி வருகிறாள், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முழுசாக இறங்கிவிடுவாள் என்றுதான் தோன்றிற்று. நான் அப்படிப்பட்டவள்.

ஆடி வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு நாள் இருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரியில் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே கொள்ளிடம் வெறும் மணலாகவே கிடந்தது. காவிரி கொள்ளாததைத்தான் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்புவார்கள். ஆகையால் மற்ற நாளில் நமக்கு அது ஆறே இல்லை, மேய்ச்சல் தரை. நீங்கள் தினமும் காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், மணலில் முளையடித்துக் கட்டிவிட்டு, நடுவில் இருக்கும் திட்டில் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மேய விழலும் மாட்டுக்குப் புல்லும் அறுத்துக்கொண்டு உச்சிக்குத் திரும்புவீர்கள்.

அன்று காலை தலையாரி தெருவில் தண்டோரா போட்டுக்கொண்டு போனார். "முக்கொம்புல மதகு தொறந்தாச்சு... கொள்ளிடத்துல யாரும் எறங்காதீங்க... ஆடு மாட்டக் கரையேத்துங்க..." குடகில் அடைமழை, மேட்டூர் வழிகிறது என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்களாம். நம் தலைக்கு மேலே வானம் வெளுத்த வேட்டியாக இருந்தது. ஆடிக்காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. சாமான் உருட்டிய சத்தத்தில் கொல்லைப்பக்கம் இருந்த உங்கள் காதில் தண்டோரா விழவில்லை. தெருப்பக்கம் இருந்த நான்தான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். நீங்கள் தும்பை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன், அதை மட்டும் நம்புங்கள். ஆனால் எப்படிச் சொன்னேன்?

"ஏ ஆடே, முக்கொம்புல தொறந்துட்டாங்களாம். கொள்ளிடத்துல தண்ணி வருதாம். தண்டோரா போட்டுட்டுப் போறான். நீ இன்னிக்கு மணலுக்குப் போவாத, வூட்டோட கெட."

உங்கள் கை லெச்சுமியின் கழுத்தில் அப்படியே நின்றது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். நீங்கள் கேட்டீர்கள், நம்பினீர்கள், அது எனக்கு உங்கள் முதுகைப் பார்த்தே தெரிந்தது. பிறகு நிமிர்ந்தீர்கள்.

"லெச்சுமி, மேல பாரு. பொட்டு மேகம் இருக்கா? கத கட்டுறவங்க கட்டிக்கிட்டே இருக்கட்டும். நீ வா."

இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு கொல்லைவாசலைத் தாண்டினீர்கள். நான் கொல்லைவாசலுக்கு வந்து நின்றேன். அங்கிருந்து கரைக்கு இருநூறு அடி. மெதுவாக நடந்தீர்கள், வழக்கத்தைவிட மெதுவாக. கரைமேல் ஏறி நின்று திரும்பிப் பார்த்தீர்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். மாட்டின் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தீர்கள். மறுபடி நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் கரையிலிருந்து திரும்பி வருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நின்றேன். ஊற்று மணலில் பத்துப் பேர் முன்னால் குடத்தைக் கவிழ்த்தவள் இன்று என் சொல்லைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவாள், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று நின்றேன். அன்று எனக்கு வேண்டியிருந்தது உங்கள் தோல்வி மட்டும்தான்.

நீங்கள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டீர்கள்.

இறங்கினால் என்ன, தண்ணீர் வர நேரம் இருக்கிறது, வந்துவிடுவாள் என்று உலை வைத்தேன். சோறு கொதித்தது. அரிசி வேகும் வாசனைக்கு நடுவே புதுத்தண்ணீர் வாசனை வந்தது. வடித்த கஞ்சி கையில் கொட்டியதுகூடத் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கரையில் ஊரே நின்றது. கொள்ளிடம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மேலே சுள்ளென்று வெயில், சொட்டு மழை இல்லை. திட்டின் உச்சியில், விழலுக்கு நடுவே, முழங்கால் தண்ணீரில் நீங்கள் நின்றீர்கள். மாடுகளைக் கட்டியிருந்த தாழ்ந்த மணலுக்கும் உங்களுக்கும் நடுவே ஆறு ஓடியது. மாட்டுக்கு நீந்தத் தெரியும். அவிழ்த்துவிட்டால் போதும், எங்கேயாவது கரையேறியிருக்கும். முளையில் கட்டிய மாடு என்ன செய்யும்? கழுத்தை உயர்த்தி உயர்த்திப் பார்த்தன. முதலில் செவலையின் கொம்பு மறைந்தது. லெச்சுமி உங்களைப் பார்த்துக் கத்தியது கரைவரை கேட்டது. நீங்கள், "லெச்சுமீ... லெச்சுமீ..." என்று பதிலுக்குக் கத்தினீர்கள். பிறகு உங்கள் குரல் மட்டும் கேட்டது.

கரையில் எல்லாரும் உங்களைக் கூப்பிட்டார்கள். சின்னம்மா என்றும் மதினி என்றும் அத்தை என்றும், "அசையாம நில்லுங்க, பரிசல் வருது" என்றும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் ஒருத்திதான் வாயைத் திறக்கவில்லை. என் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. இத்தனை பேர் முன்னால் நான் கூப்பிட்டால், காலையில் ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அதை விழுங்கினேன்.

உச்சி சாய்ந்த பிறகு என் வீட்டுக்காரரும் பரிசல்காரரும் உங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேலையெல்லாம் சேறு. தலையில் அறுத்த புல்லுக்கட்டு இருந்தது. அதைப் போட்டுவிட்டு வாங்க என்று எவ்வளவு சொல்லியும் நீங்கள் விடவில்லையாம். என்னைத் தாண்டிப் போனீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தீர்கள். நேரே கொட்டிலுக்குப் போய், காலியாக இருந்த தீவனத் தொட்டியில் புல்லைப் பிரித்துப் போட்டீர்கள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டீர்கள்.

கழுவிக் கவிழ்த்த தம்ளர் மறுநாள் சுவரிலேயே இருந்தது. அதற்கு மறுநாளும். ஐந்தாவது நாள் நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போனீர்கள். என் மகள் கேழ்வரகுக் கூழில் வளர்ந்தாள்.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான தண்டனை தொடங்கியது. நீங்கள் என்னைத் திட்டவில்லை, ஊரில் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. வாழைநார் கிழித்துக் காயவைத்து, ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தீர்கள். வெளியே எல்லாரிடமும் சாதாரணமாகப் பேசினீர்கள். வீட்டுக்குள் வந்தால் சத்தமே இல்லை. நான் ஆட்டிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், வம்பாகவும் சொன்னேன், கெஞ்சலாகவும் சொன்னேன். பதிலுக்குச் சொல்ல உங்களிடம் மாடு இல்லை. அது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்ததும் ஒரு காரியம் செய்தேன். என் ஆடு ஈன்ற குட்டியைக் கொண்டுவந்து உங்கள் கொட்டிலில் கட்டினேன். அதனிடமாவது என்னை ஏசட்டும் என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் குட்டி என் பக்கம், சுவருக்கு இந்தப் புறம் கட்டியிருந்தது. முடிச்சு அவ்வளவு பக்குவமாகப் போட்டிருந்தீர்கள்.

அப்படியே பதினோரு கோடையும் பதினோரு மழையும் போயின. சித்திரையில் இரண்டு பேரும் தனித்தனியாக ஊற்றுத் தோண்டினோம். மார்கழியில் இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கமும் இருமினோம். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வந்து, ஊர்ப் பையன்கள் அங்கே வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். என் மகள் நடந்து, ஓடி, ஸ்கூல் போனாள். அவள் சுவர் ஏறிக் குதித்து உங்களிடம் வந்தால், "போம்மா, ஒங்கம்மா தேடுவா" என்று சொல்வீர்கள். ஒருநாள்கூட அவளைத் தொடவில்லை. மலடி கை பட்டது என்று நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தீர்களா? சொல்லியிருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

போன ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. கொல்லைப்பக்கச் சுவர் ஊறி ஊறி, ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்த உங்களை என் வீட்டுக்காரர் தூக்கிவந்து எங்கள் பக்கம் படுக்கவைத்தார். ஈரக்காற்றில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. நான்தான் கஞ்சி புகட்டினேன், துடைத்தேன், சேலை மாற்றினேன். ஒரு வார்த்தை இல்லாமல் எல்லாம் நடந்தது. மூன்றாவது நாள், தம்ளரை உங்கள் வாயருகே கொண்டுவந்தபோது, நீங்கள் அதைக் கையால் நிறுத்தினீர்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று உங்கள் குரல். என்னைப் பார்த்து அல்ல, தம்ளரைப் பார்த்து.

"அன்னிக்கு அவ வாசல்ல நிக்காம உள்ள போயிருந்தா, நான் கரையிலேருந்தே மாட்டத் திருப்பியிருப்பேன்."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் காத்திருந்தீர்கள். காத்திருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. ஒரு சொல், உங்களைக் கூப்பிடுகிற அந்த ஒரே சொல், அதைச் சொல்லி உங்கள் காலைப் பிடித்திருக்கலாம். நானும் தம்ளரைப் பார்த்தேன்.

"கஞ்சி ஆறுது" என்றேன். தம்ளரிடம்தான் சொன்னேன்.

நீங்கள் குடித்தீர்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டீர்கள்.

போன பிறகும் வானம் உங்களை விடவில்லை. கொள்ளிடக் கரை முழுகிக் கிடந்ததால் ரோட்டோரத்து மேட்டில் சிதை அடுக்கினார்கள். விறகு ஈரம். தகரத்தை மேலே பிடித்துக்கொண்டு மண்ணெண்ணெய் ஊற்றி, மூன்று தடவை பற்றவைத்து மூன்று தடவையும் அணைந்தது. நாலாவது தடவைதான் பிடித்ததாக என் வீட்டுக்காரர் வந்து சொல்லி அழுதார். பால் தெளிக்கப் போன அன்று பளீரென்று வெயில் அடித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

இன்று காலை மறுபடி தண்டோரா. மறுபடி மேகமில்லாத வானம். தலையாரி தெருமுனை திரும்புவதற்குள் நான் கொல்லைவாசலைத் தாண்டிக் கரைக்கு ஓடினேன். மணலில் ஒரு பெண் விழல் அறுத்துக்கொண்டிருந்தாள். அக்கரைக்காரியாக இருக்க வேண்டும், முன்பின் பார்த்ததில்லை. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பக்கத்தில் ஒரு மாடு முளையில் நின்றது.

"அக்கா! தண்ணி வருதுக்கா! மாட்ட அவுத்துக்கிட்டு மேல ஏறி வாங்கக்கா!"

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? தொண்டையில் எங்கேயும் தடுக்கவில்லை. பெயர் தெரியாதவளுக்கு, வயதில் சின்னவளுக்கு, இரண்டு தடவை.

அவள் நிமிர்ந்தாள். முதலில் வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அரிவாளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள், முகத்தில் ஒரு வீம்பு. யாரோ ஒருத்தி கரையில் நின்று அதட்டுகிறாள், இவள் சொல்லி நான் ஏறுவதா என்கிற அந்த நிலை எனக்கு மனப்பாடம். இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். வாழைத்தோட்டத்தைப் பார்த்தேன், நம் வீட்டுக் கூரையைப் பார்த்தேன், இன்னும் கட்டாமல் கிடக்கும் உங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். அந்த வாசனை பின்னாலிருந்து வந்து என்னை மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மாட்டின் கழுத்துமணி மெல்ல மெல்லக் கரையேறி வரும் சத்தம் கேட்டது.

அது என்னைக் கடந்து போகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா.